காலி நாற்காலிகளுக்கு முன் பாடியவர்

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில் "மேட்ரிக்ஸ்" என்று ஒரு சிறிய இசை விடுதி இருந்தது. அதற்கு முன் அது பீட்சாக் கடை.

1967-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி முதல் 11-ந் தேதி வரை அங்கே நான்கு இளைஞர்கள் கச்சேரி செய்தார்கள். கூட்டம் இல்லை. பாட்டு முடிந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல் கேட்டது.

பாடியவருக்கு வயது 23. அவர்தான் ஜிம் மாரிசன்!

தகப்பனார் கடிதம்

ஜிம் 1943-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஃபுளோரிடா மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் கடற்படை அதிகாரி. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டியது. ஊர் ஊராகச் சென்ற பையனுக்குப் புத்தகங்களே துணை.

லாஸ் ஏஞ்சலீசில் சினிமாக் கலை படித்துப் பட்டம் பெற்றார். 1965-ம் ஆண்டு கோடையில், கடற்கரையில் ரே மன்சாரெக்கைச் சந்தித்தார். ரே அதே கல்லூரியில் படித்தவர். தாம் எழுதிய பாட்டை ஜிம் கூச்சத்துடன் பாடிக் காட்டினார். ரே அசந்து போனார். அங்கேயே குழு பிறந்தது. கிட்டார் வாசிக்க ராபி கிரீகரும், டிரம் அடிக்க ஜான் டென்ஸ்மோரும் வந்து சேர்ந்தார்கள். குழுவின் பெயர் "தி டோர்ஸ்". கதவுகள் என்று பொருள்.

செய்தி அறிந்த தகப்பனார் கொதித்தார். பாட்டை விட்டுவிடும்படி மகனுக்குக் காரமாகக் கடிதம் எழுதினார். உறவு அறுந்தது. இசைத்தட்டுக் கம்பெனி வாழ்க்கைக் குறிப்பு கேட்டபோது, பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார் ஜிம்! இருவரும் உயிரோடு இருந்தார்கள். பெற்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

சுழன்ற நாடா

ஆரம்பத்தில் ஜிம்முக்கு மேடைக் கூச்சம் அதிகம். ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பாடுவார். மேட்ரிக்சுக்கு வந்தபோது அந்தக் கூச்சம் போய்விட்டது.

அவர்கள் பாடியது "சைக்கடெலிக் ராக்" என்ற புது ரகம். போதை மருந்து தரும் மயக்கக் காட்சிகளை ஒலியில் காட்ட முயன்ற இசை அது. ரே வலது கையால் ஆர்கன் வாசிப்பார். இடது கையால் வேறொரு கருவியில் அடிநாதம் கொடுப்பார். அவசரப்படுத்த ஆள் இல்லை. பாட்டுகள் நீண்டுகொண்டே போயின.

விடுதி உரிமையாளர்களில் ஒருவரான பீட்டர் ஏப்ரம் அத்தனையையும் நாடாவில் பதிவு செய்து வைத்தார். புண்ணியவான்!

நான்கே மாதத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. ஜூலை மாதம் "லைட் மை ஃபயர்" என்ற பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. பணம் கொட்டியது. கூடவே குடியும் வந்தது. குடித்துவிட்டு மேடை ஏறத் தொடங்கினார்.

1969-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மியாமி நகரில் நடந்த கச்சேரியில் ஆபாசமாக நடந்துகொண்டதாக வழக்கு வந்தது. மறு ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை, 500 டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று.

மகன் செத்தவராகச் சொன்ன தகப்பனார் அப்போது என்ன செய்தார் தெரியுமா? மகனுக்காகப் பரிந்து ஃபுளோரிடா அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்! முன்பு எழுதிய காரமான கடிதத்தையும் அதில் ஒப்புக்கொண்டார். மகன் கேட்டால் எந்த உதவியும் செய்யத் தயார் என்றும் தெரிவித்தார்.

மகன் கேட்கவில்லை. அப்பீல் செய்து ஜாமீனில் இருந்தவர், 1971-ம் ஆண்டு பாரிஸ் போனார். ஜூலை 3-ந் தேதி குளியல் தொட்டியில் பிணமாகக் கிடந்தார். வயது 27. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை.

பாரிசில் உள்ள கல்லறையில் கிரேக்க மொழி பொறித்த தகடு ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அதை வைத்தவர் தகப்பனார்தான்.

அட்மிரலாக ஓய்வு பெற்ற அவர், 2008-ம் ஆண்டு நவம்பரில் 89-வது வயதில் காலமானார். அதே மாதம்தான் மேட்ரிக்ஸ் கச்சேரி முதன் முறையாக முறைப்படி வெளிவந்தது. அது நகல் நாடாவிலிருந்து எடுத்தது, ஒலி மங்கல். 2010-ம் ஆண்டு ஃபுளோரிடா அரசு ஜிம்முக்கு மன்னிப்பு வழங்கியது.

2023-ம் ஆண்டு மூல நாடாவிலிருந்தே 5 வினைல் இசைத்தட்டுகளாகக் கச்சேரி மறுபடி வெளிவந்தது. ஜிம்மின் குரல் கணீரென்று கேட்கிறது. பாட்டு முடிந்ததும் அந்தச் சில பேரின் கைதட்டலும் கேட்கிறது.