கதிரவனைச் செவிமடுத்தவர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள கிராஃப்டன் என்னும் ஊரில் 1912ஆம் ஆண்டு மே 28 அன்று பிறந்தவர் ரூபி பெய்ன்-ஸ்காட். சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். பெண்களுக்கு ஆய்வுப்பணி கிட்டுவது அரிதாயிருந்த அக்காலத்தில், சிறிதுகாலம் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். 1941இல் சிட்னியிலிருந்த அரசு ரேடியோ இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அது உலகப்போர்க் காலம். ரேடார் கருவிகளை மேம்படுத்துவது அவர்தம் பணியாயிற்று.

போர் ஓய்ந்ததும் அக்கருவிகள் கதிரவனை நோக்கித் திரும்பின. 1946 ஜனவரி 26 அன்று, டோவர் ஹைட்ஸ் கடலோரக் குன்றின்மீதிருந்த ரேடார் அலைவாங்கியைக் கொண்டு எழுஞாயிற்றை ஆராய்ந்தார். நேராக வந்த அலையும் கடல்நீரில் பட்டு எதிரொளித்த அலையும் இணைந்து குறுக்கீட்டு விளைவை உண்டாக்கின. வலிமைமிக்க ரேடியோ அலைகள் கரும்புள்ளிப் பகுதியிலிருந்தே வருகின்றன என்பதை அது காட்டிற்று.

1947 மார்ச்சு மாதம் பெரும் ரேடியோ வெடிப்பொன்றை அவரும் உடனாய்வாளர்களும் பதிவுசெய்தனர். உயர் அதிர்வெண் அலைகள் முதலில் வந்தன. தாழ் அதிர்வெண் அலைகள் சில நிமிடங்கள் பிந்தி வந்தன. கதிரவனின் வளிமண்டலம் பிளாஸ்மாவால் ஆனது. மேலே செல்லச் செல்ல அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறையுந்தோறும் அது உமிழும் அலையின் அதிர்வெண்ணும் குறையும். ஆகவே, வெடிப்பை விளைவித்த ஏதோவொன்று கதிரவனிலிருந்து வெளிநோக்கி விரைந்தது என்பது புலனாயிற்று.

சில நொடிகளே நீடிக்கும் வெடிப்புகளையும் அவர் கண்டறிந்தார். சூரியச் சுடரில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் பாய்ந்து பிளாஸ்மாவைக் கிளர்ச்சியுறச் செய்வதே அவற்றின் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. நெடுநேரம் நீடிக்கும் சுடர்களில் இத்தகைய எலக்ட்ரான்கள் காந்தப்புல வளைவுகளுள் சிக்குண்டு, மணிக்கணக்கில் ரேடியோ அலைகளை எழுப்புவதும் உண்டு.

மணமான பெண்கள் அரசின் நிரந்தரப் பணியில் நீடிக்கலாகாது என்பது அந்நாட்டு விதி. 1944இல் நிகழ்ந்த தம் திருமணத்தை அவர் அலுவலகத்திற்கு அறிவிக்கவில்லை. 1950இல் அது வெளிப்பட்டது. விதியின் முறையின்மையை நிறுவனத் தலைவரிடமே வாதிட்டார். எனினும் தற்காலிகப் பணியாளராக்கப்பட்டார். மகப்பேற்று விடுப்பு இல்லாமையால், 1951இல் தலைமகன் பிறக்குமுன் ஆய்வுப்பணியைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 39.

பிற்காலத்தில் மீண்டும் பள்ளியில் கற்பித்த ரூபி, 1981 மே 25 அன்று மறைந்தார். அவரை வெளியேற்றிய விதி 1966இல் நீக்கப்பட்டது. அவர் முதன்முதலில் பதிவுசெய்த நொடிப்பொழுது வெடிப்புகளை, மூன்றாம் வகை வெடிப்புகள் என்னும் பெயரில் உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.