பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்
ஆறுமுக நாவலர் வாழ்க்கை

கூத்தாநல்லூர்ப் பக்கத்து மக்களுக்கு இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். ஒன்று, அரிசியின் அருமை. மற்றொன்று, சமயப் படிப்புக்கு ஆகும் செலவு.

காவிரியின் கிளைகள் பாயும் ஊர். சுற்றிலும் நெல் வயல். ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். ஆண்கள் கடல் கடந்து போய் வியாபாரம் செய்தவர்கள். பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்கும் மதரஸாவுக்குப் பொருள் கொடுப்பவர்கள் ஊரார்தாம்.

சமயக் கல்வி வேண்டும் என்று சொல்வது சுலபம். ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கூரை யார் போடுவது? புத்தகம் யார் வாங்குவது? எந்தச் சமயமானாலும் கேள்வி ஒன்றுதான்.

இந்தக் கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஒருவரின் கதையை இங்கே சொல்கிறோம். அவர்தான் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர்.

இலவசப் பள்ளியின் விலை

ஆறுமுகம் 1822-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி பிறந்தார். தந்தை கந்தப்பிள்ளை. தாயார் சிவகாமி அம்மையார். வீட்டுக்கு இவரே கடைக்குட்டி. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தமையன்மார் படிக்க வைத்தார்கள்.

அப்போது இலங்கையை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். ஆங்கிலம் படித்தவனுக்குத்தான் உத்தியோகம். ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

வெஸ்லியன் மிஷன் 1814-ம் ஆண்டிலும், அமெரிக்க மிஷன் 1816-ம் ஆண்டிலும் வந்து பள்ளிகளைத் திறந்திருந்தன. பல இடங்களில் படிப்பும் இலவசம், சாப்பாடும் இலவசம், தங்கும் இடமும் இலவசம்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கடலுக்கு அப்பால் இருந்த சாதாரணக் குடும்பங்கள் அனுப்பிய பணம் அது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் அமெரிக்கப் பெயரோடு வளர்ந்த காரணம் இதுதான்.

பெற்றோர் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. ஆனால் பிள்ளை பைபிள் படிக்க வேண்டும். ஜெபத்துக்குப் போக வேண்டும். கடைசியில் சமயம் மாறினாலும் மாறலாம். ஏழைத் தாய்க்கு இது பெரிய சங்கடம். சோறும் படிப்பும் வேண்டும். பிள்ளை தன் சாமியைக் கும்பிடவும் வேண்டும்.

பாதிரிமாரைக் குறை சொல்வதில் பயனில்லை. பள்ளி திறக்க அவர்கள் பணம் திரட்டினார்கள். சைவர்கள் அதுவரை திரட்டவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

பார்சிவல் பாதிரியாரின் நண்பர்

ஆறுமுகமும் வெஸ்லியன் மிஷன் பள்ளியில்தான் ஆங்கிலம் படித்தார். அந்தப் பள்ளியின் தலைவர் பீட்டர் பார்சிவல் பாதிரியார். மாணவரின் தமிழ் அறிவைக் கண்டு வியந்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியர் வேலை கொடுத்தார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையிலும் ஆறுமுகத்தைத் துணையாக வைத்துக்கொண்டார்.

வேடிக்கையைப் பாருங்கள்! சைவத்தைக் காத்தவர் என்று பெயர் வாங்கியவர், பைபிளின் தமிழுக்கும் உழைத்தவர்.

அந்தப் பள்ளியில் அவர் மாணவருக்குப் பாடம் சொன்னார். தாமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். வகுப்பு வகுப்பாகப் பிரித்து நடத்துவது எப்படி, அச்சுப் புத்தகம் வெளியிடுவது எப்படி, பொது மக்கள் முன்னே சமயப் பிரசங்கம் செய்வது எப்படி என்பதையெல்லாம் கவனித்தார். பிறகு அதே வழிகளைச் சைவத்துக்குப் பயன்படுத்தினார்.

1847-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் முதல் பிரசங்கம் செய்தார். அது முதல் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பிரசங்கம் நடந்தது.

வேலையை விட்டார்

1848-ம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தைத் திறந்தார். அதே ஆண்டில் மிஷன் பள்ளி வேலையை விட்டார்.

அப்போது அவருக்கு வயது 25. மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளம் போயிற்று. திருமணமும் செய்துகொள்ளவில்லை. இந்தத் துணிவு எல்லோருக்கும் வராது.

பள்ளியில் படிப்புச் சம்பளம் கிடையாது. சம்பளம் கேட்டால் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கே திரும்பிப் போய்விடுவார்கள். அங்கே இலவசம் அல்லவா?

அப்படியானால் செலவுக்கு வழி? முதலில் ஆசிரியர்களாக வந்தவர்கள் அவருடைய நண்பர்களும் மாணவர்களும். பணத்தை எதிர்பாராமல் பாடம் சொன்னார்கள். ஆனாலும் எத்தனை நாளைக்கு ஒருவர் வெறும் வயிற்றோடு பாடம் சொல்ல முடியும்?

அதற்குத்தான் பிடி அரிசி வந்தது.

ஒரு பிடி, ஒரு பிடியாக...

சோறாக்க அரிசி எடுக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்கூடத்துக்காக வந்து வாங்கிப் போவார்கள். இதுதான் பிடி அரிசி.

ஒரு பிடி அரிசியில் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி சுமார் 50 கிராம். நூறு வீடுகள் சேர்ந்தால் நாள் ஒன்றுக்கு 5 கிலோ. மாதத்துக்கு 150 கிலோ. அதாவது 75 கிலோ மூட்டை இரண்டு!

யாழ்ப்பாணம் தஞ்சையைப் போல ஆற்றுப் பாசனம் உள்ள பூமி அல்ல. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழையையும் கிணற்றையும் நம்பிய மண். அந்தக் காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியில் அரிசி போய் இறங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பம் தன் உலையிலிருந்து ஒரு பிடி குறைப்பது சிறிய காரியம் அல்ல. கணவனுக்குத் தெரியாமல்கூட ஒரு பெண்ணால் கொடுக்கக்கூடிய தர்மம் இது. அதுதான் இதன் பலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் பிடி அரிசியை நம்பி ஆண்டு முழுவதும் பள்ளி நடத்த முடியாது. மழை பொய்த்தால் பானையும் காலியாகும். ஆகவே வேறு வழியும் தேடினார்.

அச்சுக்கூடம் வாங்கினார்

1849-ம் ஆண்டு சென்னைக்குப் பயணம் புறப்பட்டார். வழியில் தஞ்சைச் சீமையிலுள்ள திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போனார். அங்கே அவர் பேசிய பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, 'நாவலர்' என்ற பட்டத்தை அளித்தார்கள். காவிரிக் கரை கொடுத்த பெயர்தான் இன்றுவரை அவருக்கு நிலைத்திருக்கிறது.

சென்னையில் அச்சு யந்திரம் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். பாலபாடம் என்ற பாடப் புத்தகங்களை வரிசையாக வெளியிட்டார். பெரிய புராணத்தைப் பாமரரும் படிக்கும்படி வசனமாக எழுதி 1852-ல் அச்சிட்டார்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நாவலர் சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் போட்டு அச்சிட்டார். இப்போது நீங்கள் இந்தப் பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

பழைய நூல்களை அச்சிடப் பிரபுக்களும் உதவினார்கள். அவர்களில் ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் முக்கியமானவர்.

1864-ம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். செலவு இரண்டு மடங்காயிற்று. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் மாறி மாறித் தங்கி வேலை செய்தார்.

சர்க்கார் பணம்

மிஷன் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுத்துவந்தது. வரி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். ஆனால் சைவப் பள்ளிக்கு உதவி இல்லை.

1869-ல் இலங்கையில் பொதுக் கல்வி இலாகா ஏற்பட்டது. அதன் பிறகு, 1870-ல்தான் வண்ணார்பண்ணைப் பள்ளிக்கு உதவிப் பணம் கிடைத்தது. அதாவது, பள்ளி திறந்து 22 ஆண்டுகள் கழித்து!

மூடிய பள்ளி

தமிழ்ப் பள்ளி நிலைத்துவிட்டது. ஆனால் உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டுமே! 1872-ல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை என்று ஓர் ஆங்கிலப் பள்ளியையும் தொடங்கினார்.

ஆங்கிலப் பள்ளிக்குச் செலவு அதிகம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வெளியே நல்ல சம்பளம் கிடைக்கும்போது, இங்கே குறைந்த சம்பளத்துக்கு யார் வருவார்? பிடி அரிசி ஆங்கில ஆசிரியருக்குப் போதுமா? நான்கே ஆண்டுகளில், 1876-ல், அந்தப் பள்ளியை மூடும்படி ஆயிற்று.

ஊரில் பணக்காரர்கள் இல்லாமல் இல்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் செலவழித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் கொடுப்பார்கள். மாதா மாதம் கொடுக்கச் சொன்னால் கை வராது. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குணம் அல்ல!

நாவலரிடம் ஒரு குறையும் இருந்தது. சாதிக் கட்டுப்பாட்டை அவர் எதிர்க்கவில்லை, ஏற்றுக்கொண்டார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் பாடுபட்டு வளர்த்த கல்வி எட்டவில்லை. பெரியவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1877-ல் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் காலராவும் வந்தன. பள்ளிக்காக அரிசி கேட்டவர், இப்போது பசித்தவர்களுக்காகக் கேட்டார். கஞ்சி காய்ச்சி ஊற்றும் வேலையில் இறங்கினார்.

உடல் தளர்ந்தது. 1879-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி நாவலர் காலமானார். அப்போது வயது 57 கூட நிறையவில்லை. மனைவி மக்கள் இல்லை.

அவர் ஆங்கிலப் பள்ளி மூடப்பட்டு 14 ஆண்டுகள் கழித்து, 1890-ல், யாழ்ப்பாணத்துச் சைவர்கள் ஒன்று சேர்ந்து இந்துக் கல்லூரியை நடத்த முன்வந்தார்கள். இந்தத் தடவை ஒரு தனி மனிதர் தோளில் பாரத்தை ஏற்றவில்லை. சபையாகக் கூடிச் செலவை ஏற்றார்கள். கல்லூரி மூடப்படவில்லை.