புத்தகம் கட்டிய கைகள்

அறிவியலறிஞருள் என் உள்ளம் கவர்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் இங்கிலாந்தில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பதினான்கு வயதில் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த நூல்களைப் படித்தார். மனத்தைப் பண்படுத்துவது பற்றி ஐசக் வாட்ஸ் எழுதிய நூல், கேட்டதைக் குறித்து வைக்கும் பழக்கத்தை அவருக்குத் தந்தது. 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே டேவியின் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

உயர்கணிதம் அவர் கற்றதில்லை. ஆயினும் சோர்ந்தாரில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளை மனக்கண்ணில் கண்டே சிந்தித்தார். 1831-இல் காந்தத்தின் துணையால் மின்சாரம் உண்டாக்கினார். 1867-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! வராத கணக்கை எண்ணி அவர் வாழ்நாளை வீணாக்கவில்லை. தமக்கு வந்த வழியிலே உலகுக்கு ஒளி தந்தார். நமக்கு வருவது எது? நானும் தேடுகிறேன், நீங்களும் தேடுங்கள்.