ஐடா வெல்ஸ் அம்மையார் சரித்திரம்

நற்காரியத்தின் பொருட்டுக் கூடிய கூட்டத்திலும் சிலரைப் பின்வரிசைக்குத் தள்ளுவதுண்டு. தள்ளுகிறவர் கொடியவராயின் எதிர்ப்பது எளிது. நல்லவராகவும், நமக்கு உபகாரம் செய்தவராகவும் இருப்பின், எதிர்ப்பவரையே நன்றிகெட்டவர் என்று உலகம் தூற்றும். இந்த இக்கட்டில் நெடுங்காலம் நின்றவர், அமெரிக்க தேசத்துக் கறுப்பு இனத்தில் தோன்றிய ஐடா வெல்ஸ் அம்மையார். அவருடைய சரித்திரத்தை, அப்பகுதி நன்கு விளங்குமாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1862-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி, மிஸிஸிப்பி மாகாணத்து ஹோலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878-இல் பரவிய மஞ்சட் காய்ச்சலில் தாய் தந்தையர் இருவரும் மாண்டனர். பதினாறு வயதுப் பெண் தம்பி தங்கையரைக் காக்கும் பொருட்டு உபாத்தியாயினியானார். பின்பு புகைவண்டியில் பெண்டிர்க்குரிய முதல் வகுப்பில் அமர்ந்திருந்த அவரை, நிறத்தின் காரணமாகப் பலவந்தமாய் வெளியேற்றினர். அவர் வழக்கிட்டு 1884-இல் 500 டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்புப் பெற்றார். 1887-இல் டென்னஸி மாகாண மேல் நியாயஸ்தலம் அதனை மாற்றிவிட்டது.

மெம்பிஸ் நகரில் அவர் பத்திரிகை நடத்தி வருகையில், 1892-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறிருவரும் கும்பலாற் கொல்லப்பட்டனர். அவர்களுடைய மளிகைக் கடை அண்டையிலிருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாய் இருந்ததே பகைக்கு மூலம். கறுப்பு ஆடவர் வெள்ளைப் பெண்டிரைக் கெடுப்பதனாலேயே இத்தகைய கொலைகள் நிகழ்கின்றன என்று அந்நாளில் யாவரும் சொல்லிவந்தனர். அம்மையார் ஒவ்வொரு கொலையாக விசாரித்து, அது பெரும்பாலும் பொய்யென்று எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து அச்சுக்கூடத்தை அழித்தனர். அதன்பின் அவர் மெம்பிஸில் வாழ இயலவில்லை.

1893-இலும் 1894-இலும் அவர் இங்கிலாந்து சென்று பிரசங்கம் செய்தார். கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத் தலைவி பிரான்ஸஸ் வில்லார்டு அப்பொழுது அந்நாட்டில் பெருமதிப்புடன் தங்கியிருந்தார். அடிமை ஒழிப்பை ஆதரித்த குடும்பத்தில் வந்தவர் அவர். எனினும் 1890-இல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், கறுப்பினத்தாரின் குடியினால் தென்னாட்டுப் பெண்டிர்க்கு ஆபத்து நேர்வதாகக் கூறியிருந்தார். அம்மையார் அப்பேட்டியை இங்கிலாந்தில் மறுபடி அச்சிடுவித்தார். வில்லார்டின் அன்பர்கள் வெகுண்டனர். அவ்வாண்டு கிளீவ்லாந்து மகாநாட்டில் வில்லார்டு தம் தலைமையுரையிலேயே அம்மையாரைக் குறைகூறினார். மதுவை ஒழிக்கப் புறப்பட்ட தலைவிக்கு, தென்னாட்டு வெள்ளை மாதரின் ஆதரவை இழக்க மனமில்லை. விஷயம் இவ்வளவே என்பது எமது கருத்து.

மாதர் வாக்குரிமைக்கு உழைத்த ஸூஸன் ஆன்டனியின் கதையோ இன்னும் சிக்கலானது. ராசெஸ்டர் நகரில் அவருடைய இல்லத்தில் அம்மையார் விருந்தினராய்த் தங்கியிருந்தார். கடிதங்கள் எழுத உதவுமாறு ஆன்டனி தம்மிடம் வேலைபார்த்த சுருக்கெழுத்துப் பெண்ணை ஏவிச் சென்றார். கறுப்புப் பெண்ணொருத்தி சொல்ல, தான் எழுதுவதில்லை என்று அவள் மறுத்தாள். ஆன்டனி திரும்பி வந்து அறிந்தவுடன் அவளை வேலையினின்று நீக்கிவிட்டார். அதே ஆன்டனிதான், 1895-இல் அட்லாண்டாவில் கூடிய வாக்குரிமை மகாநாட்டிற்கு வரவேண்டாமென்று பிரடெரிக் டக்ளஸைக் கேட்டுக்கொண்டவர்! டக்ளஸ் 1848-ஆம் வருஷத்து முதல் மகாநாட்டிலேயே பெண்டிர் வாக்குரிமைக்காகப் பேசிய கறுப்பினப் பெரியார். அவர் மேடையேறின் தென்னாட்டு மாதர் விலகுவர் என்று அஞ்சினாராம். தாம் செய்தது தவறோ என்று ஆன்டனி அம்மையாரிடமே வினவினார். சங்கத்திற்கு அதனால் லாபம் கிட்டியிருக்கலாம், ஆனால் நிறவேற்றுமை பாராட்டுவோர் தம் கொள்கை சரியென்றே எண்ணிக்கொண்டனர் என்று அம்மையார் ஒளியாது விடையிறுத்தார். இருவர் நட்பும் அதனாற் கெடவில்லை. வீட்டில் சமமாய் உபசரித்துவிட்டு, ஊர் கூடிய பந்தியில் கடைசி இலை போடும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று.

1909-இல் கறுப்பினத்தார் உரிமைக்காக நியூயார்க்கில் கூடிய மகாநாட்டில், நாற்பதின்மர் கமிட்டிப் பட்டியலில் அம்மையார் பெயரே இல்லை. பட்டியலைப் படித்த டூபாய்ஸ் அவர் இனத்தவரே. ஆகவே பின்னுக்குத் தள்ளுதல் வெள்ளையர்க்கு மட்டும் உரிய குணமென்று யாம் எழுதத் துணியோம். பின்பு பெயர் சேர்க்கப்பட்டது.

1913-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி, வாஷிங்டனில் மாதர் வாக்குரிமை ஊர்வலம். சிகாகோவிற் குடியேறியிருந்த அம்மையார், தாம் நிறுவிய ஆல்பா வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் இல்லினாய் மாகாணத்து மாதருடன் வந்திருந்தார். தென்னாட்டார் மனம் நோகாதிருக்கும்படி, கறுப்பு மாதர் தனியே கடைசியில் நடக்கவேண்டும் என்று தலைவியர் தெரிவித்தனர். தம் மாகாணத்தாருடனன்றி நடப்பதில்லை என்று கூறி அம்மையார் அவ்விடம் விட்டு அகன்றார். கோபித்துப் போய்விட்டார் என்றே பலரும் எண்ணினர். ஊர்வலம் புறப்பட்டபின், வேடிக்கை பார்ப்போர் கூட்டத்தினின்று வெளிவந்து, இல்லினாய் வரிசையிலே பெல் ஸ்குவயர், வர்ஜீனியா புரூக்ஸ் என்னும் இரு வெள்ளை மாதர்க்கு நடுவில் நடக்கலானார். முன்னரே அவர் பக்கம் நின்றவர்கள் அவ்விருவர். ஒருவரும் அவரை விலக்கவில்லை. சிகாகோப் பத்திரிகை அக்காட்சியின் படத்தை வெளியிட்டது.

அவ்வருஷமே இல்லினாயில் நகரசபைத் தேர்தலில் மாதர்க்கு வாக்குரிமை கிடைத்தது. ஆல்பா சங்கத்தார் தங்கள் பேட்டையில் வாக்காளரைத் திரட்டினர். 1915-இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிகாகோ நகரசபையின் முதற் கறுப்பு அங்கத்தினரானார். அம்மையார் 1931-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி காலமானார். அவர் எழுதிவந்த சுயசரிதை ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டது. மகள் ஆல்பிரீடா அதனைச் செப்பனிட, 1970-இல் அது வெளிவந்தது. சுருக்கெழுத்துப் பெண்ணின் கதையும், டக்ளஸைப் பற்றி இருவரும் பேசியதும் அந்நூலில் உள்ளன.