நிழற்படமும் நீரும்: ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்

கேமரன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு நம் மலைதான் நினைவுக்கு வரும். 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரே இம்மலைக்கு இடப்பட்டது என்பதை நம் பள்ளிச் சிறுவர்களும் அறிவர். ஆனால் நாம் இங்குக் கூற வந்தது அதே பெயரைத் தாங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றை. அவர் நம் மலையைக் கண்டதில்லை. ஆயினும் நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து சென்று தோட்டங்களில் உழைத்த மக்களைத் தம் நிழற்படக் கருவியின் முன் நிறுத்தியவர் அவர். அக்கருவியை வைத்துக்கொண்டு நீரோடு அவர் பட்ட பாடும் பெரிது. விடுமுறைக் காலத்தில் லூமுட்டுக்கும் பங்கோர் தீவுக்கும் கடல் காணச் செல்லும் நம் மாணவர்கள் அதனை அறிந்திருப்பது நன்று.

ஜூலியா அம்மையார் 1815ஆம் ஆண்டு சூன் திங்கள் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கும்பினியில் உயர் பதவி வகித்தவர். தாய் பிரெஞ்சுக் குலத்தவர். இளமையில் பெரும்பாலும் பிரான்சு நாட்டிலேயே கல்வி பயின்றார். பின்னர் உடல்நலம் தேறும்பொருட்டு ஆப்பிரிக்காவின் தென்முனைக்குச் சென்றிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லசு ஹே கேமரன். தம்மைவிட இருபது வயது மூத்தவரான சார்லசை 1838இல் கல்கத்தாவில் மணந்துகொண்டார். ஹெர்ஷலோ வாழ்நாள் முழுவதும் நண்பராக இருந்தார். நிழற்படக் கலை தோன்றிய புதிதில் அக்கலையைப் பற்றி அம்மையாருக்குக் கடித வழியே அறிவித்தவரும் அவரே.

இலங்கை வரலாற்றைப் படித்தவர்கள் சார்லசு கேமரனின் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். மக்களைக் கூலியின்றி வேலை வாங்கிய இராசகாரிய முறை அத்தீவில் 1833இல் நீங்குவதற்குக் காரணமான கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் இருந்தவர் அவரே. இலங்கை மண்ணின்மீது அவருக்கு இருந்த பற்று மிகப் பெரிது. காப்பி பயிரிடுவதற்காக அங்கே பெருமளவில் நிலம் வாங்கினார்.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள பிரஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில் வீடு வாங்கினார்கள். அவ்வூர்ப் பெயருக்கு நன்னீர் என்பது பொருள். உப்புக் காற்று ஓயாமல் வீசும் ஊருக்கு நன்னீர் என்று பெயர் வாய்த்தது வேடிக்கைதான்! இலங்கைத் தோட்டத்தின் நினைவாக அவ்வீட்டுக்கு டிம்போலா என்று பெயரிட்டார்கள்.

1863ஆம் ஆண்டு இறுதியில் கணவர் இலங்கைக்குச் சென்றிருந்தார். தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் ஒரு நிழற்படக் கருவியைப் பரிசாக அளித்தார்கள். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு. கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. நிலக்கரிக் கொட்டகை இருட்டறை ஆயிற்று. கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாக மாறியது, கோழிகளைத் திறந்துவிட்டுவிட்டார்.

அக்காலத்துப் படப்பிடிப்பை இன்றைய சிறுவர்கள் எண்ணிப் பார்ப்பதும் கடினம். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். அத்தகட்டை வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் அதைக் கருவியில் செருகிப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். காய்ந்துவிட்டால் படம் இல்லை. உருத்துலங்கிய பின் மருந்து சிறிதும் எஞ்சாதபடி நல்ல நீரில் கழுவ வேண்டும். அதற்கான நீரைக் கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். பிறகு உலர்த்தி, வார்னிஷ் பூசிப் பாதுகாக்க வேண்டும். இவ்வாறு நீரின்றிப் படம் பிறவாது. வார்னிஷ் பூசிய பிறகோ ஈரமே அதற்குப் பகையாகிவிடும்.

அம்மையாரின் முதல் படம் ஓர் உழவருடையது. அசையாமல் உட்கார்ந்திருப்பதற்காக அவருக்கு மணிக்கணக்கில் கூலியும் கொடுத்தார். படம் தகட்டில் தெரிந்ததும் மகிழ்ச்சி மிகுதியால் அதன் ஈரப் பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டார். உழவர் மறைந்து போனார்! கூலியும் போயிற்று, படமும் போயிற்று. வேறொருவராயின் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். அம்மையாரோ விடவில்லை. 1864 சனவரித் திங்களில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. அதையே தம் முதல் வெற்றி எனக் கொண்டாடினார். அச்சிறுமிக்கு என்ன பரிசு கொடுப்பது என்று வீடெங்கும் ஓடி ஓடித் தேடினாராம்.

அதன் பின்னர் கவிஞர் டென்னிசன், அறிஞர் டார்வின், முதுமையெய்திய ஹெர்ஷல் எனப் பெரியோர் பலர் அவர் கருவிக்கு முன் அமர்ந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்களும் அதே இருக்கையில் அமர்ந்தார்கள். படங்கள் தெளிவாக இல்லை, விரல் தடம் தெரிகிறது என்று அக்காலத்து வல்லுநர்கள் குறை கூறினார்கள். ஆனால் இலண்டனில் உள்ள அரும்பொருட் காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கியது. குறை கூறியவர்களை இன்று யார் நினைக்கிறார்கள்?

1869இல் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. அரிதின் முயன்று எடுத்த கண்ணாடி நெகடிவ்களுள் 45, தேன்கூடு போல வெடித்துவிட்டன. அம்மையார் மனம் உடைந்து, அக்கலையில் வல்லவர்களிடம் காரணம் கேட்டார். கடலோரத்து ஈரக் காற்று காரணமாகலாம் என்ற கருத்து எழுந்தது. தகடுகளைப் போதிய நீரில் கழுவாமையும் காரணமாகலாம் என்றார்கள்.

இவ்விடத்தில் நம் மாணவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிட விரும்புகிறோம். நல்ல நீர் காய்ந்தால் பெரும்பாலும் தடமின்றிப் போகும். கடல் நீர் காய்ந்தால் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். ஆகவே கடற்கரையில் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரியாமல், வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் உலர்ந்த கையால் எடுப்பது நலம். மாலையில், நன்னீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கருவி கடலில் விழுந்துவிட்டால் அதை இயக்கிப் பார்க்கவே கூடாது. மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். கைத்தொலைபேசியே நிழற்படக் கருவியாகிவிட்ட இக்காலத்தில் இது வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியவுடன் கருவியை வெளியே எடுத்தால், வெப்பமான கடற்காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனி போல் படியும். நம் வீட்டுக் கண்ணாடிச் சன்னலில் காலையில் காண்கிறோமே, அதே செயல்தான். பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்து, கருவி வெப்பமேறிய பின் எடுத்தால் இத்தொல்லை இல்லை.

அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் 1869இல் ஒருவகை இலைநோய் தோன்றிப் பரவியது. கேமரன் குடும்பத்தின் செல்வம் குறைந்தது. மகன்கள் பலர் அத்தீவில் இருந்தமையாலும் முதியவரான கணவர் அம்மண்ணையே நாடியதாலும் 1875இல் இருவரும் கப்பலேறினார்கள். சாமான்களுடன் இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டு சென்றார்கள் என்றும், அவற்றுக்குள் கண்ணாடிப் பொருள்களையும் பீங்கான்களையும் அடுக்கியிருந்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

களுத்துறையில் கடலை ஒட்டிய வீட்டில் வாழ்ந்தார். அங்கே வெப்பமும் புழுக்கமும் மிகுதி. கொலோடியனும் மற்ற மருந்துகளும் எளிதிற் கிடைக்கவில்லை. கடலும் ஆறும் அருகிலிருந்தும் தகடு கழுவத் தூய நீர் போதவில்லை. ஏராளமாகப் படம் படைத்தவரின் கை ஓய்ந்தது. 1877இல் மலர் ஓவியர் மரியான் நார்த் அம்மையார் விருந்தினராக வந்தபோது அவரை விதவிதமாக நிறுத்திப் படம் எடுத்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பதுக்கும் குறைவே.

அச்சிலவற்றில்தான் ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். சிங்களவரும் தமிழரும் தம் சேலையோடும் நகையோடும் நேர்கொண்டு பார்க்கிறார்கள். டென்னிசனை அமர்த்திய அதே பொறுமையுடன் அவர்களையும் அம்மையார் அமர்த்தியிருக்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டென்னிசன் படத்தில் டென்னிசன் என்று எழுதினார். இவர்கள் படத்தில் களுத்துறைக் குடியானவர், இளம்பெண் என்பது போன்ற பொதுப்பெயர்களே காணப்படுகின்றன. அப்பெண் யார் மகள், எவ்வூரிலிருந்து வந்தவள் என்று இனி எவராலும் சொல்ல இயலாது. நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் தப்பி வந்த படத்தில் பெயர் மட்டும் தப்பவில்லை. இதனைப் படிக்கும்போது நமக்கு நம் லயத்து வீடுகளில் இருக்கும் பழைய படங்களே கண்முன் வருகின்றன. நம் மலையின் பனியிலும் மழையிலும் அவற்றில் பூஞ்சணம் படர்கிறது. தாத்தாவும் பாட்டியும் கண்முன் இருக்கும்போதே, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்லப் பெயரும் ஆண்டும் தோட்டமும் எழுதிவைக்கலாமே! உலர்ந்த தகரப் பெட்டியில், படத்துக்குப் படம் ஒரு தாள் இட்டு வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது.

1878இல் அம்மையார் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்டார். அடுத்த ஆண்டு, 1879 சனவரி 26ஆம் நாள், டிக்கோயாவிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் மார்புச் சளியால் உயிர் நீத்தார். வயது அறுபத்து மூன்று. பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1880இல் கணவரும் அவர் அருகிலேயே துயில் கொண்டார். இலைநோயால் காப்பி அழிந்த அம்மலைகளில் தேயிலை வந்தது. இன்றும் அக்கல்லறையைச் சூழ்ந்த சரிவுகளில் தமிழ்ப் பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறிக்கிறார்கள்.