பொன் அன்னத்தைப் பாடிய பாண்டியர்

சிற்றாலயத்தில் சிறகு விரித்த சம்மனசுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பேசும் பறவை, பறக்கும் குதிரை என்றால் நூலகத்தில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். அவையெல்லாம் மேல்நாட்டுக் கற்பனை என்றே எண்ணியிருந்தோம். அப்படி ஒரு பறவைக்குத் தமிழ்க் காவியத்தில் இடம் தந்த மன்னர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்று தமிழாசிரியை சொன்னபோது வியந்துபோனோம்.

அவர்தாம் அதிவீரராம பாண்டியர். புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1564-இல் தென்காசியில் முடிசூடினார். மதுரையோ அப்போது நாயக்கர் வசம். முன்னோர் புகழ் பெரிது. கையிலிருந்த நாடு சிறிது. சிற்றாற்றங்கரையிலுள்ள அந்த ஊரில், ஸ்ரீஹர்ஷர் வடமொழியில் இயற்றிய நளன் கதையைத் தழுவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நைடதம் பாடினார்.

கதையில் நளன் பொன்னிற அன்னம் ஒன்றைப் பிடிக்கிறான். அது மனிதரைப் போலப் பேசுகிறது, இரங்கி விட்டுவிடுகிறான். அந்த நன்றிக்காக அது விதர்ப்ப நாட்டுக்குப் பறந்து சென்று, தமயந்தியிடம் அவன் பெருமையை எடுத்துரைக்கிறது. திருமணமும் நடக்கிறது. பின்னர் நளன் சூதில் நாட்டை இழக்கிறான். மகாபாரதத்திலுள்ள மூலக் கதையில், காட்டில் பசியோடு அவன் பறவைகளைப் பிடிக்கத் தன் ஒரே ஆடையை வீச, அவை ஆடையையும் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகின்றன. அவனை வீழ்த்திய சூதுக்காய்களே அப்பறவைகளாம்! ஒரு பறவை வாழ்வு தந்தது. வேறு பறவைகள் மானத்தையே பறித்தன. நாடிழந்த நளன் கதையை, நாடு சுருங்கிய ஓர் அரசர் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எங்களால் நம்ப முடியவில்லை.

நைடதத்தைப் புலவர்களுக்கு மருந்து என்பார்கள். ஆயினும் அவருடைய உறவினர் வரதுங்கராம பாண்டியரின் தேவி அதைப் படித்துக் குறை கண்டதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. அரசர் நூலில் குறை கண்ட அந்த அம்மையாரை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

சிறுவர்களுக்கென்றும் அவர் எழுதினார். பிச்சையெடுத்தேனும் படிக்கவேண்டும் என்று சொல்லும் வெற்றிவேற்கை அவருடையதே. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதில் தம்மைக் கொற்கையின் தலைவர் என்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில் முத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகத்தை விட்டுக் கடல் எப்போதோ விலகிவிட்டது. பட்டம் மட்டும் அவரிடம் இருந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டார். அன்னம் தமயந்தியிடம் பேசும் காட்சியை ரவிவர்மா 1899-இல் ஓவியமாகத் தீட்டினார். எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி வீட்டுச் சுவரில் அதன் அச்சுப்படம் தொங்குகிறது. அந்த அன்னம் மட்டும் வெள்ளை நிறம்!