10 கோல் வாங்கிய அணி, 10 வருஷத்தில் தங்கம்: யார் இந்த ரஹீம் சாப்?

2025 அக்டோபர் 14, கோவாவின் மட்காவ். ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றது இந்தியா. முதல் கோலை அடித்தது நாம்தான். சாங்டே அடித்த அந்த கோலுக்குப் பிறகு டிஃபென்ஸ் இரண்டு முறை தூங்கியது, 2027 ஆசியக் கோப்பை கனவு அங்கேயே முடிந்தது. அடுத்த மாதமே டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அவர்களிடம் 22 வருஷம் கழித்து ஒரு தோல்வி.

இதற்கு நடுவில் கோச் எத்தனை பேர் என்று பாருங்க. 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச் நீக்கம். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் ஒரு வருஷத்தில் கிளம்பிவிட்டார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ரசிகர்கள் கேட்பது ஒரே விஷயம்தான். கோச்சைத் தூக்குங்க, டிஃபென்ஸை மாத்துங்க. கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்திய டிஃபென்ஸ் இதைவிடப் பல மடங்கு மோசமாக நொறுங்கிய ஒரு நாள் உண்டு. அன்றைக்கு கோச்சாக இருந்தவர்தான் இன்று வரை இந்தியக் கால்பந்தின் ஆகச் சிறந்த பயிற்சியாளராகக் கொண்டாடப்படுகிறார். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர்களுக்கு ரஹீம் சாப்.

பள்ளிக்கூட வாத்தியார்

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். ஆனால் நாடே பேசும் அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்கல்வியில் டிப்ளமோவும் முடித்தார். அவரிடம் பயிற்சி பெற்றவர்களின் நினைவுகளைப் படித்தால் எல்லோரும் ஒரே விஷயத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள்: அவர் கடைசிவரை வாத்தியாராகவே இருந்தார், கரும்பலகை மட்டும்தான் மைதானமாக மாறியது.

1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். உயிரோடு இருந்தவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். ஏன்னா அவருடைய பிற்கால வெற்றிகளுக்கான வேலை நடந்தது இங்கேதான். சிறுவர்களுக்கு வயதுவாரியாகப் போட்டி வைத்தார். ட்ரிப்ளிங்கே செய்யக் கூடாது, பந்து வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலது காலில் பழகியவர் இடது காலால் மட்டும் ஆட வேண்டும் என்று பலவீனமான காலுக்காகவே தனிப் போட்டிகள் வைத்தார். இன்றைய அகாடமிகளில் இதெல்லாம் சாதாரணம். 80 வருஷத்துக்கு முன்னாடி, டிவி கிடையாது, வெளிநாட்டு மேட்ச் பார்க்க வழி கிடையாது, ஒரு பள்ளி வாத்தியார் இதை யோசித்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை வென்றது. அதுவரை கல்கத்தாவைச் சுற்றியே இருந்த இந்தியக் கால்பந்தில் போலீஸ்காரர்கள் டீம் ஒன்று இப்படிப் புகுந்து ஆடியது பலருக்கும் அதிர்ச்சி. இந்திய அணியின் பொறுப்பும் ரஹீமிடம் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இரானை 1-0 என்று வீழ்த்தித் தங்கம். கோல் அடித்தவர் மேவாலால்.

சரி, இதுவரை எல்லாமே ஏறுமுகம்.

ஹெல்சின்கியில் என்ன நடந்தது?

1952 ஜூலை 15. ஒலிம்பிக்கில் எதிரணி யூகோஸ்லாவியா. ஸ்கோர் 10-1. நமக்கு 1.

அந்த ஒரு கோலை அடித்தவர் அகமது கான். யூகோஸ்லாவியாவின் பிராங்கோ ஜெபெக் மட்டும் 4 கோல் அடித்தார். அது சாதாரண டீம் இல்லை. அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி. ஆனாலும் 10 கோல் என்பது 10 கோல்தான்.

காரணங்கள் பல. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். அங்கே பிரான்ஸிடம் 1-2 என்று நூலிழையில்தான் தோற்றோம் என்பதால் வெறுங்கால் ஒரு பெருமையாகவே பேசப்பட்டது. (பூட்ஸ் இல்லாததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது அவ்வளவு எளிமையான கதை இல்லை, இன்னொரு நாள் பார்ப்போம்.) ஃபின்லாந்தின் குளிரும் ஈரப் புல்லும் அந்தப் பெருமையைக் கரைத்துவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் போதும். சேர்வராயன் மலையில் மார்கழி மாசக் காலையில், பனி விலகாத கிரவுண்டில், செருப்பைக் கழட்டிப் போட்டுவிட்டு ஒரு பத்து நிமிஷம் பந்து ஆடிப் பாருங்க. விரல் மரத்துப் போகும். நிறுத்த நினைக்கும் பந்து வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி ஓட நினைத்தால் நாம் வழுக்குவோம். டிஃபென்டருக்கு வேலையே திரும்புவதும் நிறுத்துவதும்தான். ஃபார்வர்டு வழுக்கினால் ஒரு வாய்ப்பு போகும், பேக் வழுக்கினால் கோல் போகும்.

ஏற்காட்டிலேயே வெறுங்காலின் இன்னொரு பக்கமும் தெரியும். அங்கே மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லேயே வந்துவிட்டது. மலையைச் சுற்றிக் காபி எஸ்டேட்கள் அதற்கும் முன்பிருந்தே உண்டு. விடுதிப் பள்ளியில் சேர்க்க வசதி இருக்கும் வீட்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் பெரிய செலவில்லை. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைக்கு அது கனவு. அன்றைய இந்தியாவில் கால்பந்து ஆடியவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வகை. வெறுங்கால் ஆட்டம் ஒரு ஸ்டைல் என்று சொல்வது பாதி உண்மைதான், மீதி பர்ஸ் விவகாரம்.

இரண்டாவது காரணம் அமைப்பு. அன்றைய இந்திய அணிகள் பெரும்பாலும் 2-3-5 முறையில் ஆடின. அதாவது பின்னால் முழுநேர பேக் இரண்டே பேர், முன்னால் 5 ஃபார்வர்டு. எதிரணி மூன்று பேராக உள்ளே வந்தாலே கணக்கு தப்பிவிடும். ஐரோப்பா அப்போதே மூன்று பேக் வைத்து ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது, ஸ்டாமினா. நம் ஊர்ப் போட்டிகள் பல முழு 90 நிமிஷம் நடந்ததே இல்லை.

இதில் ரஹீமின் பங்கு என்ன? என் பார்வையில், அவரை முழுக்கக் காப்பாற்ற முடியாது. அணி அவருடையது, ஆட்டமுறையும் அவர் பொறுப்பு. ஆனால் பூட்ஸ் இல்லாததும் 90 நிமிஷம் ஆடிப் பழகாததும் ஒரு கோச் மாற்றத்தால் தீரக்கூடிய வியாதிகள் இல்லை. இன்றைக்கும் நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் எதை மாற்றினார்?

ஹெல்சின்கிக்குப் பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. உத்தரவு போடுவது சுலபம். சின்ன வயசிலிருந்து வெறுங்காலால் பந்தைத் தொட்டுப் பழகியவருக்கு பூட்ஸ் மாட்டினால் பந்து கல் மாதிரி துள்ளும். அதைப் பழக்க வேண்டிய வேலை பயிற்சியாளர்களுடையது. ரஹீம் அதோடு ஆட்டமுறையிலும் கைவைத்தார். பின்வரிசைக்கு ஆள் கூட்டினார். முன்வரிசையில் ஒருவரை நடுக்களத்துக்கு இழுத்தார். தனியாகப் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைக் குறைத்து பாஸ் விளையாட்டைக் கொண்டுவந்தார். ஹைதராபாத் சிறுவர் போட்டிகளில் அவர் வைத்த விதிகள் இப்போது தேசிய அணிக்கு வந்துவிட்டன என்று சொல்லலாம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். கோச் அதே ரஹீம். முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் நேராகக் காலிறுதி. அங்கே ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று அடித்தது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக், ஒலிம்பிக் கால்பந்தில் ஒரு ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. நான்காவது கோல் கிட்டு என்ற ஜெ.கிருஷ்ணசாமியுடையது. அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதியில் டிசோசா முதல் கோல் அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை, 1-4. ஆனால் 10-1-க்கும் இதற்கும் நடுவில் நாலு வருஷம்தான். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று, நான்காம் இடம். இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் அதற்கு மேல் போனதில்லை.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸுடன் 1-1 டிரா, பெருவிடம் 1-3. வெற்றி இல்லை, வெளியேற்றம். அதன் பிறகு ஒலிம்பிக்குக்கே நாம் தகுதி பெறவில்லை.

ஜகார்த்தா: தலையில் தையலோடு ஒரு ஃபார்வர்டு

1962 ஆசிய விளையாட்டுக்கு ரஹீம் போனபோது உடம்பில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. இன்றைக்கென்றால் அன்று ராத்திரியே மீம் போட்டுக் கிழித்திருப்போம்.

அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். ஜப்பானுடனான ஆட்டத்தில் அவர் இல்லாமலே 2-0 வெற்றி. அரையிறுதிக்கு ரஹீம் எடுத்த முடிவுதான் இன்றும் பேசப்படுகிறது. தையல் போட்ட தலையோடு ஜர்னைலைக் களமிறக்கினார், ஆனால் ஸ்டாப்பராக இல்லை. சென்டர் ஃபார்வர்டாக! ஜர்னைல் விட்டுப்போன இடத்துக்கு அருண் கோஷைப் பின்னால் இழுத்தார்.

வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். உள்ளே கணக்கு இருந்தது. ஜர்னைல் கல்லூரிக் காலத்தில் ஃபார்வர்டாக ஆடியவர், அது கோச்சுக்குத் தெரியும். காயத்தோடு பின்னால் ஒரு தப்பு செய்தால் கோல் விழும், முன்னால் செய்தால் நஷ்டம் குறைவு. அவருடைய உடம்புக்கு எதிரணி பேக்குகள் ஒருவருக்கு இருவராக வர வேண்டியிருக்கும், அப்போது சுனி கோஸ்வாமிக்கும் பி.கே.பானர்ஜிக்கும் இடம் கிடைக்கும். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதி 3-2. ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் தென் கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடிய ஸ்டேடியம் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி எதிர்த்ததில் உள்ளூர் மக்களுக்குக் கோபம். கூட்டத்தில் நம் அணிக்குக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்பது இன்றைக்கு நம்பவே முடியாத ஒரு தகவல்.

கோலில் நின்றது ஆறடிக்கும் மேல் உயரமான பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் வளர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடிப் பெயர் வாங்கியவர். முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான். 17-வது நிமிஷம் பி.கே. கோல் அடித்தார். 20-வது நிமிஷம் அடித்தவர் ஜர்னைல், அதாவது டிஃபென்டர். கொரியா கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் திருப்பியது. 2-1. முதல் ஆட்டத்தில் நம்மை அடித்த அதே அணியை வைத்தே தங்கம்.

அவருக்குப் பிறகு

1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். ஜகார்த்தா முடிந்து ஒன்பது மாதம். வயது 53. பெரிய தேசிய விருது எதுவும் அவர் கைக்கு வரவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருதே 1985-ல்தான் தொடங்கியது. 2024-ல் அஜய் தேவ்கன் நடித்த ‘மைதான்’ வந்த பிறகுதான் பல பேருக்கு இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு ஊரில் ஒரே ஆள் சிறுவர் போட்டி, கிளப், சங்க நிர்வாகம், தேசிய அணி என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தார். அவர் போனதும் அதை அப்படியே எடுத்து நடத்த யாரும் இல்லை. கொஞ்ச காலம் அவர் உருவாக்கிய ஆட்டக்காரர்களின் வேகத்திலேயே வண்டி ஓடியது. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம், அப்போது பயிற்சியாளர்களில் ஒருவர் ரஹீமின் சிஷ்யர் பி.கே.பானர்ஜி. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கமே கிடையாது.